வால்வு ஓட்டையிலேருந்து சக்கரத்தைப் பாருங்க

யார் வீட்டு வாசல்ல சைக்கிள் நின்னாலும் என் கண்ணு முதல்ல போறது ரிம்முல வால்வு வர்ற இடத்துக்குத்தான். வால்வு நேரா நிக்குதா, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற போக்ஸ் கம்பி எப்படிப் போகுது, டயர் மேல இருக்கற பேர் எங்க வந்திருக்கு, இதை மட்டும் பாத்தாலே அந்தச் சக்கரத்தை யாரு எவ்ளோ அக்கறையா கட்டியிருக்காங்கன்னு பாதி தெரிஞ்சிடும். வீட்டுலயே சக்கரம் கட்டறது, கோட்டம் எடுக்கறது (அதாவது கம்பியை முறுக்கி ரிம்மோட ஆட்டத்தைச் சரி பண்றது)ன்னு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எனக்குப் புரிஞ்சது என்னன்னா, ரிம்முங்கறது சுத்தி எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கற வட்டம் இல்ல, அதுக்கு ஒரு ஆரம்பம் உண்டு, அந்த ஆரம்பம் வால்வு ஓட்டை. கம்பி கோக்கறது, சக்கரத்தோட நடுவுல இருக்கற ஹப்பை எப்படித் திருப்பி வைக்கறது, டயரை எப்படி மாட்டறது, பஞ்சர் எங்கன்னு தேடறது, எல்லாத்துக்கும் கணக்கு அங்கேருந்துதான் தொடங்குது.

முதல்ல ரிம் எப்படிப் பண்றாங்கன்னு பாத்துடலாம். இரும்பு ரிம்னா நீளமான பட்டையை உருளைகளுக்கு நடுவுல விட்டு அதுக்கு வடிவம் குடுத்து, வட்டமா வளைச்சு, ரெண்டு முனையையும் சேத்து வெல்டு வச்சு, தேய்ச்சு, மேல குரோம் பூசுவாங்க. அலுமினியம் ரிம்னா அச்சு வழியா பிதுக்கி எடுத்த நீளமான கம்பத்தை வளையமா சுத்தி, வெட்டி, முனைகளை வெல்டு பண்ணுவாங்க, இல்லன்னா உள்ள ஒரு துண்டைச் சொருகியோ சின்ன பின் அடிச்சோ சேப்பாங்க. எப்படிப் பண்ணாலும் ஒரு இடத்துல ஜாயிண்ட் இருந்தே தீரும். உங்க ரிம்முல அதைப் பாக்கணும்னா வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் போங்க, பிரேக் படற பரப்புல குறுக்கால மெல்லிசா ஒரு கோடு தெரியும், நகத்தை வச்சு இழுத்தா சில ரிம்முல லேசா தட்டும். பிரேக் பிடிக்கறப்போ சுத்துக்கு ஒரு தடவை டக் டக்குன்னு ஒரு சத்தம் வந்தா பெரும்பாலும் அந்தக் கோடுதான் காரணம்.

ஏன் சரியா எதிர்ப்பக்கம்? ரிம்முல போடற ஓட்டைகள்லயே பெரிசு வால்வு ஓட்டைதான். கம்பிக்குப் போடற ஓட்டை நாலு, நாலரை எம்எம் இருக்கும், வால்வு ஓட்டை எட்டரை எம்எம் வரை போகும். உலோகத்தை அவ்ளோ எடுத்துட்ட இடமும் ஜாயிண்ட்டும் பக்கத்து பக்கத்துல இருந்தா ரெண்டு பலவீனமும் ஒரே இடத்துல சேந்துடும், அதனால எவ்ளோ தூரம் தள்ள முடியுமோ அவ்ளோ தூரம் தள்ளி வச்சுட்டாங்க. இன்னொண்ணு எடை. துண்டு சொருகின ஜாயிண்ட் இருக்கற பக்கம் கொஞ்சம் கனம் கூட, எதிர்ப்பக்கம் வால்வு தண்டும் நட்டும் மூடியும் வந்து உக்காந்தா ஓரளவு சமன் ஆகும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, கம்பி ஓட்டைகள் எப்பவுமே ரெட்டைப்படை எண்ணிக்கைங்கறதால, வால்வு ஓட்டை ரெண்டு கம்பி ஓட்டைக்கு நட்ட நடுவுல வந்தா, அதுக்கு எதிர்ல இருக்கற ஜாயிண்ட்டும் தானாவே ரெண்டு கம்பி ஓட்டைக்கு நட்ட நடுவுல வந்துடும். ஜாயிண்ட் மேல எந்தக் கம்பியோட இழுப்பும் நேரடியா விழாது.

சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி முன் சக்கரத்தைச் சுத்தி விட்டா கடைசியில முன்ன பின்ன ஆடி ஆடி ஒரே இடம்தான் கீழ வந்து நிக்கும், அதான் கனமான பக்கம். பேரிங் நல்லா இருக்குங்கறதுக்கும் இது ஒரு அடையாளம், பால்ஸ் தேஞ்சு கிரீஸ் காஞ்சு போன ஹப்புல சக்கரம் அது பாட்டுக்கு எங்கயோ நின்னுடும். இந்த எடை வித்தியாசம் ஓட்டறப்போ தெரியுமான்னு கேட்டா, கணக்குப் போட்டுப் பாக்கலாம். 10 கிராம் கூடுதல் எடை ரிம்முல இருக்குன்னு வச்சுக்கோங்க, 20 கிலோமீட்டர் வேகத்துல பெரிய சக்கரம் வினாடிக்கு ரெண்டரை சுத்து சுத்தும், அப்போ அந்த 10 கிராம் வெளிப்பக்கமா இழுக்கற இழுப்பு 80 கிராம் எடை தொங்கற அளவுதான், ஒண்ணும் தெரியாது. அதே சைக்கிள் 60 கிலோமீட்டர் வேகத்துல இறங்கினா இழுப்பு ஒன்பது மடங்கு, அதாவது 700 கிராம் பக்கம். கோத்தகிரியிலேருந்து மேட்டுப்பாளையம் இறக்கத்துல கொஞ்சம் விட்டு ஓட்டறவங்களுக்கு ஹேண்டில்ல ஒரு துடிப்பு தெரியும். கடைத்தெருவுக்குப் போய்ட்டு வர்றவங்க இதை நினைச்சுக் கவலைப்பட வேண்டியதே இல்ல.

நம்ம ஊரு பெரிய சைக்கிள் ரிம்மைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இவ்ளோ வருஷம் எல்லார் வீட்டுலயும் இருந்தும் அதை யாரும் பெரிசா உத்துப் பாக்கறதில்ல. ராடு பிரேக் வச்ச வண்டிகள்ல வர்றது வெஸ்ட்வுட்ங்கற வகை ரிம். பிரேக் கட்டை ரிம்மோட பக்கவாட்டுல போய்ப் பிடிக்காது, ஹப்பைப் பாத்த உள்பக்கத்துல கீழேருந்து மேல இழுத்துப் பிடிக்கும். அதுக்குத் தோதா ரிம்மோட ரெண்டு ஓரத்துலயும் வழவழன்னு உருண்டையான பட்டை, நடுவுல கம்பி மாட்டற பகுதி தனியா இருக்கும். கம்பிகளும் வால்வு தண்டும் ரெண்டு பிரேக் கட்டைக்கும் நடுவுல புகுந்து புகுந்து போகும். ரிம் பக்கவாட்டுல கொஞ்சம் கோட்டமா இருந்தாலும் இந்த பிரேக் சமாளிச்சுடும், ஆனா ரிம் மேல கீழ முட்டை வடிவமா ஆயிட்டா சமாளிக்காது, கட்டை ஒரு இடத்துல உரசும், ஒரு இடத்துல எட்டாது. அதனால இந்த ரிம்முக்குக் கோட்டம் எடுக்கறப்போ பக்கவாட்டு ஆட்டத்தை விட மேல கீழ ஆட்டத்தைத்தான் முதல்ல சரி பண்ணணும். ரெண்டு பக்கத்துலேருந்தும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கற சாதாரண கேலிப்பர் பிரேக் வண்டிக்குப் பழகின கைகள் பக்கவாட்டை மட்டும் நேராக்கிட்டு விட்டுடறது உண்டு.

இந்த வண்டிகள்ல முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி. இது பிரிட்டிஷ்காரங்க பழக்கம், அப்படியே இங்க வந்து நிலைச்சிடுச்சு. பின்னாடிதான் ஆளும் கேரியர் மூட்டையும், அதனால கம்பியும் அங்க அதிகம், யோசிச்சா ரொம்ப நியாயமான ஏற்பாடு. கியர் சைக்கிள் வந்ததுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் 36, இல்ல 32ன்னு ஆயிடுச்சு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், கம்பி கோக்கறது. ரிம்மை மேலேருந்து பாத்தா கம்பி ஓட்டைகள் ஒரே கோட்டுல இருக்காது, ஒண்ணு லேசா இடது பக்கம், அடுத்தது லேசா வலது பக்கம்னு மாறி மாறி இருக்கும், ஹப்போட இடது தட்டுலேருந்து வர்ற கம்பி இடது ஓட்டைக்கு, வலது தட்டுலேருந்து வர்றது வலது ஓட்டைக்கு. வால்வு ஓட்டையை ஒட்டி வலது கைப்பக்கம் இருக்கற முதல் ஓட்டை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்குங்கறது எல்லா ரிம்முலயும் ஒண்ணு போல இருக்காது, அதைப் பாத்துட்டுத்தான் முதல் கம்பியைப் போடணும். அந்த முதல் கம்பி சரியா விழுந்துட்டா மிச்சம் எல்லாம் எண்ணி எண்ணிப் போட்டுட்டே போகலாம்.

36 ஓட்டை ரிம்முல ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல 10 டிகிரி, அளந்து பாத்தா அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம். எல்லா கம்பியும் நேரா மையத்தைப் பாத்து நின்னா பக்கத்து பக்கத்துக் கம்பிகள் 10 டிகிரி சாய்வுல ஒண்ணை ஒண்ணு நெருங்கிட்டே போகும். ஆனா நாம குறுக்கால கோக்கறோம், சில கம்பி முன்பக்கம் சாஞ்சு போகும், சில கம்பி பின்பக்கம் சாஞ்சு போகும். ரிம்மைச் சுத்தி எண்ணிட்டு வந்தா ரெண்டு முன்பக்கம், ரெண்டு பின்பக்கம், மறுபடி ரெண்டு முன்பக்கம், ரெண்டு பின்பக்கம்னு வரும். அதனால கம்பிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி நாலுக்கு ஒண்ணு வேற மாதிரி. ஒரு இடைவெளியில ரெண்டு கம்பியும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகற மாதிரி சாயும், அந்த விலகலும் மையத்தைப் பாத்த நெருக்கமும் கழிஞ்சு போய் ரெண்டும் கிட்டத்தட்ட இணையா நிக்கும். இன்னொரு இடைவெளியில ரெண்டும் ஒண்ணை நோக்கி ஒண்ணு சாஞ்சு கூர்மையா குறுகிட்டே போய் குறுக்கா வெட்டிக்கும். வால்வு வர வேண்டியது அந்த இணையான இடைவெளியில. ஏன்னா அங்கதான் பம்பு தலையையும் உங்க விரலையும் உள்ள விட இடம் இருக்கு.

இது தெரியாம கட்டினாலும் சக்கரம் ஓடும், உடையாது, அதான் பல பேர் கண்டுக்கறதே இல்ல. ஆனா காத்து அடிக்கறப்போ ஒவ்வொரு தடவையும் தெரியும். ஒரு கடையில ரிம் மாத்திட்டு வந்த எங்க வீட்டுச் சக்கரத்துல வால்வு அந்தக் குறுகலான இடைவெளியில வந்து நின்னுச்சு. பெட்ரோல் பங்குல காத்து அடிக்கற குழாயோட தலை கம்பியில இடிக்கும், சாச்சுப் பிடிச்சா காத்து சைடுல புஸ்ஸுன்னு போகும், அழுத்திப் பிடிச்சா வால்வு தண்டு கூடவே சாயும், பம்பை உருவறப்போ விரல் முட்டி கம்பியில உரசும். கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, "அதெல்லாம் ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாது தம்பி"ன்னு சொன்னார். ஓட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாதுதான், ஆனா காத்து அடிக்கக் கஷ்டமா இருக்கற சக்கரத்துக்கு யாரும் ஒழுங்கா காத்து அடிக்க மாட்டாங்க, காத்து குறைஞ்சு ஓட்டினா டயரும் ரிம்மும் சேந்து கெடும், அதனால எனக்கு இது சின்ன விஷயமா படல.

அதை நானே திண்ணையில உக்காந்து மாத்தினேன், எப்படின்னு சொல்றேன், யாருக்காவது உதவும். ஒரு ஓட்டை தள்ளினா போதும்னு தோணும், ஆனா இடது கம்பி வலது ஓட்டைக்குப் போயிடும், அது கூடாது. ரெண்டு ஓட்டை தள்ளணும். அப்போ இடது இடதுலயே இருக்கும், வலது வலதுலயே இருக்கும், அதே சமயம் குறுகலான இடைவெளி இருந்த இடத்துல இணையான இடைவெளி வந்துடும். கம்பி நுனியை ரிம்முல பிடிச்சு வைக்கற குட்டி நட்டுதான் நிப்பிள், ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வச்சு, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி சுத்தி தளர்த்தி, கழட்டி, ஹப்பும் கம்பிக்கூட்டமும் அப்படியே இருக்க ரிம்மை மட்டும் ரெண்டு ஓட்டை திருப்பி, மறுபடி நிப்பிள் போட்டேன். பித்தளை நிப்பிள்ங்கறதால சாவி வழுக்காம இருக்கப் பதமா பிடிக்கணும், முனை மழுங்கிட்டா அது கதை முடிஞ்சது. அப்புறம் கோட்டம் எடுக்கறதுக்கு ஒரு சாயங்காலம் முழுசும் போச்சு. ஜாயிண்ட் இருக்கற இடத்துல ரிம் விறைப்பா இருக்கும், அங்க மட்டும் துளி ஏத்தம் இறக்கம் நின்னுச்சு, அதைத் துரத்திட்டுப் போய் பக்கத்துக் கம்பிகளை முறுக்கி முறுக்கி இழுக்கறது தப்பு, விட்டுடணும்.

வால்வு ஓட்டை வழியா ஒரு கண்ணை வச்சுப் பாத்தா ஹப் மேல அடிச்சிருக்கற கம்பெனி பேரு தெரியற மாதிரி கோக்கறது சக்கரம் கட்டறவங்க பழக்கம். அதனால சக்கரத்தோட பலம் கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. ஆனா முதல் கம்பியைப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு யோசிச்ச ஆளுங்கறது தெரியும். அப்படி இருக்கற சக்கரத்தை யாருதுன்னு தெரியலன்னாலும் எனக்குக் கட்டினவர் மேல ஒரு மரியாதை வந்துடுது.

வால்வுல மூணு வகை நம்ம கண்ணுல படும். வால் டியூப் போடற பழைய வால்வு, அதுக்கு டன்லப் வால்வுன்னும் உட்ஸ் வால்வுன்னும் பேரு. மோட்டார் சைக்கிள்ல வர்ற மாதிரி ஷ்ரேடர் வால்வு. ரேஸ் சைக்கிள்ல வர்ற ஒல்லியான பிரெஸ்டா வால்வு. முதல் ரெண்டுக்கும் எட்டு எம்எம் சொச்சம் ஓட்டை, பிரெஸ்டாவுக்கு ஆறரை எம்எம் போதும். பெரிய ஓட்டை ரிம்முல பிரெஸ்டா டியூப் போட்டா சுத்தி இடைவெளி இருக்கும், காத்து ஏறினதும் டியூப் அந்த இடைவெளியில பிதுங்கி ஓட்டையோட ஓரத்துல தேஞ்சு வேர்லயே போயிடும், அதுக்குன்னு சின்ன வளையம் விக்கறாங்க, கண்டிப்பா போடணும். சின்ன ஓட்டையைப் பெரிசா டிரில் பண்றது அகலமான ரிம்முல பரவால்ல, துளைச்சதுக்கு அப்புறம் உருண்டை அரத்தால ஓரத்தைத் தேய்ச்சு விரலை வச்சு உரசிப் பாருங்க, குறுகலான ரேஸ் ரிம்முல அந்த வேலையே வேண்டாம்.

வால் டியூப் வால்வை நான் இன்னும் மெச்சறேன். பித்தளைத் தண்டுல பக்கவாட்டுல ஒரு சின்னத் துளை, அதை மூடற மாதிரி மெல்லிசான ரப்பர் குழாய். எச்சில் தொட்டு அதை ஏத்தி மாட்டின அனுபவம் எங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் இருக்கும். பம்பு காத்து ரப்பரைத் தள்ளிட்டு உள்ள போகும், உள்ள இருக்கற காத்து அதே ரப்பரைத் துளை மேல அழுத்தி மூடிடும். ஸ்பிரிங்கும் இல்ல, ஊசியும் இல்ல. வெயில்ல ரப்பர் காஞ்சு வெடிச்சா ஒரு துண்டு வாங்கி வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்.

அடுத்தது டயர் மாட்டறது. பெல்பாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப் 1888-ல காத்து டயருக்குக் காப்புரிமை வாங்கினப்போ அது சக்கரத்தோட சேத்து ஒட்டினது, பஞ்சர் பாக்கறது பெரிய வேலை. ஓரத்துல கம்பி வச்ச டயரும் அதுக்கு ஏத்த, நடுவுல பள்ளம் உள்ள ரிம்மும் 1890-ல சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் கொண்டு வந்தது. இன்னைக்கும் நாம கழட்டி மாட்டறது அந்த ஏற்பாட்டைத்தான். ரிம்மோட நடுப்பள்ளம் ஒரு வாய்க்கால் மாதிரி, டயரோட கம்பி ஓரத்தை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்துல இறக்கினா எதிர்ப்பக்கம் தளர்ச்சி கிடைக்கும், அந்தத் தளர்ச்சியிலதான் டயர் ரிம்மைத் தாண்டி உள்ள ஏறுது. வால்வு இருக்கற இடத்துல டியூப்போட தடிச்ச வேர்ப்பகுதி பள்ளத்தை அடைச்சுட்டு நிக்கும், அங்க டயர் ஓரம் உள்ள இறங்காது. அதனால வால்வுக்கு எதிர்ல ஆரம்பிச்சு, ரெண்டு கையாலயும் சுத்தி வந்து, வால்வுகிட்ட முடிக்கணும். மாத்திப் பண்ணா கடைசி ஒரு சாண் ஏறவே ஏறாது, நெம்புகோல் விட்டு டியூப்பைக் கடிச்சு வைப்பீங்க. முடிச்சதும் வால்வு தண்டைப் பிடிச்சு மேல பாத்து ஒரு தள்ளு தள்ளுங்க, டயர் ஓரத்துக்கு அடியில டியூப் மாட்டியிருந்தா வெளிய வந்துடும். நட்டை அப்பவே இறுக்கக் கூடாது, காத்து ஏறி டயர் உக்காந்ததுக்கு அப்புறம் விரலால இறுக்கினா போதும்.

வால்வு சாஞ்சு நிக்கறதைப் பாத்தா சும்மா விடாதீங்க. காத்து கம்மியா ஓட்டறப்போ டயர் ரிம் மேல கொஞ்சம் கொஞ்சமா நகரும், டியூப்பும் கூடவே நகரும், தண்டு மட்டும் ஓட்டையில மாட்டிட்டு சாயும். எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாத்தா காரணமும் தெரியும். பின் சக்கரத்துல மிதிக்கற விசையால டயர் ரிம்மை விடப் பின்தங்கும், அதனால தண்டோட நுனி சக்கரம் சுத்தற திசையைப் பாத்துச் சாயும். முன் சக்கரத்துல மிதி கிடையாது, பிரேக் மட்டும்தான், ரிம் நிக்கும், டயர் முன்னாடி போகப் பாக்கும், அதனால நுனி எதிர்த்திசையில சாயும். வேர்ல ரப்பர் கிழிய ஆரம்பிச்சா அதுக்கு ஒட்டு நிக்காது, டியூப்பையே மாத்த வேண்டியதுதான். காத்தை முழுசா இறக்கி, டயர் ஓரத்தைச் சுத்தி நெருடி விட்டு, டயரும் டியூப்பும் சேந்தே திரும்பற மாதிரி பழைய இடத்துக்கே நகத்துங்க. வால்வை மட்டும் பிடிச்சு நேராக்கினா உள்ள டியூப் சுருங்கி மடிஞ்சு நிக்கும். அப்படியே, நிப்பிள் தலை டியூப்புல படாம ரிம்முக்குள்ள சுத்தியிருக்கற ரிம் பட்டையோட ஓட்டையும் வால்வு ஓட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா இருக்கான்னும் பாத்துடுங்க, பட்டை ஒரு பக்கம் விலகினா நிப்பிள் தலை தெரியும், அடுத்த பஞ்சர் அங்கேருந்துதான்.

டயர் மேல இருக்கற பேரை வால்வுக்கு நேரா வைக்கறதை அழகுக்குன்னு நினைக்கறாங்க, எனக்கு அது வேலைக்கான அடையாளம். டியூப்பைத் தண்ணியில முக்கி ஓட்டை வால்வுலேருந்து ஒரு சாண் தள்ளி இருக்குன்னு தெரிஞ்சா, டயர்லயும் பேர்லேருந்து ஒரு சாண் தள்ளி ரெண்டு பக்கமும் தடவிப் பாத்தா முள்ளோ கண்ணாடித் துண்டோ அங்கயே இருக்கும். அதை எடுக்காம புது டியூப் போட்டா தெருமுனை தாண்டறதுக்குள்ள மறுபடி பஞ்சர். ஓட்டை டியூப்புல ரிம்மைப் பாத்த உள்பக்கம் இருந்தா டயரைத் தேட வேண்டாம், ரிம் பட்டையும் கம்பி முனையும்தான் பாக்கணும்.

புது ரிம் வாங்கப் போறவங்க கம்பி ஓட்டையை எண்ணிட்டுப் போங்க, பின்னாடி 40-ஆ 36-ஆன்னு, ஹப்போட எண்ணிக்கையும் அதுவும் ஒத்துப் போகணும். டயர் பக்கவாட்டுல 40-635 மாதிரி ஒரு எண் இருக்கும், அதுல பின்னாடி வர்ற எண்தான் ரிம்முல டயர் உக்கார்ற வட்டத்தோட குறுக்களவு எம்எம்-ல. நம்ம பெரிய சைக்கிள் 28க்கு ஒண்ணரை டயர் 635. 700 சின்னு சொல்ற கியர் சைக்கிள் டயர் 622. ரெண்டையும் 28 இஞ்சுன்னே சொல்லி விக்கறாங்க, ஆனா 13 எம்எம் வித்தியாசம் இருக்கு, ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேரவே சேராது, அதனால இஞ்சைக் கேக்காதீங்க, அந்த மூணு இலக்க எண்ணைக் காட்டி வாங்குங்க.